இம்ப்ளான்ட் பல் வைக்கப் போகிறீர்களா? பல் மருத்துவர் பதில்கள்

கேள்வி: கீழ்க் கடைவாய்ப் பல் போய் ஆறு மாதம் ஆகிறது. இம்ப்ளான்ட் வைக்க, அதாவது செயற்கைப் பல்லைத் தாங்கும் டைட்டானிய உலோக ஸ்க்ரூவைப் பொருத்த, தாடை எலும்பில் துளை போடுவார்களாமே, ரொம்ப வலிக்குமா டாக்டர்?

பதில்: மரத்துப்போக ஊசி போட்டுவிட்டுத்தான் தொடங்குவோம். அதிர்வும் அழுத்தமும் தெரியும், வலி தெரியாது. பல் பிடுங்கியதைவிட இது லேசு என்று சொல்பவர்கள்தான் அதிகம். வீக்கம் இரண்டாம் மூன்றாம் நாள் கூடி, அப்புறம் வடியும். முதல் நாள் ஐஸ் ஒத்தடம், ஆறிய ரசம் சாதம். ஸ்ட்ராவில் உறிஞ்ச வேண்டாம். வலி நாளுக்கு நாள் ஏறினால் மட்டும் காத்திருக்காமல் போய்க் காட்டுங்கள்.

கேள்வி: ஸ்க்ரூவை வைத்துவிட்டு மூன்று மாதம் கழித்து வரச் சொல்லிவிட்டார்கள். பணத்தை வாங்கிக்கொண்டு இழுத்தடிக்கிறார்களோ?

பதில்: அந்தச் சந்தேகம் எல்லோருக்கும் வரும். ஆனால் அந்த மூன்று மாதம்தான் சிகிச்சையே. 1950களில் சுவீடனில் பிரோனெமார்க் என்ற மருத்துவர், ஆராய்ச்சிக்காக முயலின் எலும்பில் பொருத்திய டைட்டானியக் கருவியைக் கழற்றப் பார்த்தார், வரவில்லை. எலும்பு அதைக் கவ்விப் பிடித்திருந்தது. 1965இல் அதையே மனிதத் தாடையில் செய்து பார்த்தார். இப்போது உங்கள் வாயில் நடப்பதும் அதுதான். வைத்த அன்று ஸ்க்ரூ தன் மரையின் பிடிப்பில்தான் நிற்கிறது. புது எலும்பு வளர்ந்து பிடிப்பதற்குள், நடுவில் சில வாரம் அந்தப் பிடிப்பு கொஞ்சம் தளரும். அப்போது அந்தப் பக்கம் முறுக்கு கடித்தால் போயிற்று! மேல்தாடை எலும்பு மென்மையானது, ஆறு மாதம்கூட ஆகலாம். அன்றே பல் கட்டுவதும் உண்டுதான். எல்லோருடைய எலும்பும் அதற்குத் தாங்காது.

கேள்வி: அப்பாவுக்கு 71 வயது, சர்க்கரை உண்டு. வைக்கலாமா?

பதில்: வயது தடையில்லை. கடந்த மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு கட்டுக்குள் இருக்க வேண்டும். எலும்பு மெலிந்து பலவீனமாகும் எலும்புப்புரை நோய்க்கு மாத்திரையோ ஊசியோ எடுக்கிறார் என்றால் கட்டாயம் சொல்லுங்கள். அவற்றில் சில, தாடைப் புண்ணை ஆறவிடாது. ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கேள்வி: ஒரு நாளைக்கு ஐந்து சிகரெட்தான் சார்.

பதில்: ஐந்தும் கணக்குத்தான் சார். புண் ஆறும்வரையாவது நிறுத்துங்கள்.

கேள்வி: வைத்துவிட்டால் ஆயுளுக்கும் கவலையில்லையா?

பதில்: சொத்தை வராது. ஆனால் சுற்றியுள்ள ஈறு கெட்டு எலும்பு கரையலாம். பெரும்பாலும் வலிக்காது, அதுதான் சங்கடம். துலக்கும்போது ரத்தம் வந்தால் உடனே காட்டுங்கள். இடுக்குக்கென்று விற்கும் சின்ன பிரஷ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். தயவுசெய்து ஊக்கால் குத்த வேண்டாம்.