அது தமிழ்தான்

அன்புள்ள சாருக்கு,

பரணில் ஒரு பழைய சிடி கிடைத்தது. துபாயில் இருந்த பெரியப்பாவுக்கு 2003-ல் அப்பா எழுதிய கடிதங்கள், வேர்ட் கோப்புகளாக. திறந்தால் அத்தனையும் கன்னாபின்னாவென்று ஆங்கில எழுத்து, நடுநடுவே அரைப்புள்ளி. ஓரிடத்தில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று வருகிறது. வைரஸா? அப்பாவைக் கேட்டால், "அது தமிழ்தான்டா" என்று சிரிக்கிறார்.

எஸ்., கொருக்குப்பேட்டை

அன்புள்ள எஸ்.,

அப்பா சொல்வது சரி. அந்த ஐந்தும் சேர்ந்தால் ‘தமிழ்’ என்ற சொல்லேதான். ஜே என்றால் த, கே என்றால் ம, பி ‘மி’யின் மேல் வளைகிற கொக்கி, ஓ என்றால் ழ, அரைப்புள்ளி அதன் தலைமேல் புள்ளி. பாமினி என்ற எழுத்துருவின் (ஃபான்ட்) வேலை இது. உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. தமிழ் அதன்மேல் போட்ட சட்டை. உங்கள் கணினியில் சட்டை இல்லை, அவ்வளவுதான். அப்பா டைப்ரைட்டிங் படித்தவரோ? இடது கைக்கு ‘யளனகப’ என்று தட்டிப் பழகியவர்களுக்குப் பாமினி சுலபமாகக் கைக்கு வந்துவிடும்.

அந்த வருடங்களில் நானும் எம்.சி. ரோடு பக்கம் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போவேன். மணிக்கு 20 ரூபாய், செருப்பு வெளியே. சட்டைப் பையில் பிளாப்பி. அதன் 1.44 எம்.பி.க்குள் கடிதமும் இருக்கும், எழுத்துருவும் இருக்கும். இரண்டையும் சேர்த்து அனுப்பினால்தான் அந்தப் பக்கம் படிக்க முடியும். நான் அதை நிறுவப் போனாலே, "சார், எதையும் இன்ஸ்டால் பண்ணாதீங்க" என்று கல்லாவிலிருந்து குரல் வரும்.

எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் தரும் பொதுக் குறியீடான யூனிகோடில் 1991-லேயே தமிழுக்கு இடம் கொடுத்தாயிற்று. ஆனால் அந்த சென்டரில் ஓடியது விண்டோஸ் 98. யூனிகோட் தமிழைத் திறந்தால் வரிவரியாகக் கட்டங்கள்தான். அப்புறம் ஒரே ஒரு கணினிக்கு விண்டோஸ் எக்ஸ்பி வந்தது. அதிலும் ‘கெ’ என்று அடித்தால் கொம்பு முன்னால் வராமல் ககரத்துக்குப் பின்னால் போய் நின்றது. சரிசெய்ய கன்ட்ரோல் பேனலில் ஒரு டிக் போதும்; போட்டதும் எக்ஸ்பி சிடியைச் செருகு என்றது. சிடி எங்கே என்று கேட்டேன். கடைக்காரர் ஃபேனைப் பார்த்தார்.

சரி, உங்கள் விஷயம். வேர்டில் எழுத்துருப் பெயர் காட்டும் பெட்டியைப் பாருங்கள், பாமினி என்றுதான் இருக்கும். அந்த எழுத்துருவை நிறுவினாலே கடிதம் தமிழாகிவிடும். போனில் படிக்க வேண்டுமென்றால், பாமினியை யூனிகோடாக்கும் மாற்றுக் கருவியில் ஒட்டி எடுங்கள். மூலக் கோப்பின் மேலேயே சேமித்துவிடாதீர்கள். நடுவில் நிஜமான ஆங்கிலம் இருந்தால் அந்தக் கருவி அதையும் தமிழென்று நினைத்துக் குதறிவிடும். பெரியப்பாவின் துபாய் முகவரியை மட்டும் தனியே எடுத்து வையுங்கள்.

எழுத்துருவை இணையத்தில் தேடும் முன் அந்த சிடியையே ஒருமுறை துழாவிப் பாருங்கள். பெரியப்பாவுக்கு அனுப்பிய எழுத்துருவை அப்பா அதிலேயே போட்டு வைத்திருப்பார்.