பனிக்காலத் தோட்டம்: இந்த வாரக் கேள்விகள்

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்திலிருந்து: காலிஃபிளவர் பூ எலுமிச்சை அளவிலேயே நின்றுவிட்டதே?

ஊட்டிக் குளிர் மண்டபத்துக்கு வராதுங்க. முள்ளங்கி போடுங்கள், 45 நாளில் பிடுங்கலாம்.

உச்சிப்புளியிலிருந்து: ஆடியில் போட்ட அவரை பந்தல் முழுக்கப் படர்ந்திருக்கிறது, பூவே இல்லை.

நாட்டு அவரை பகல் குறைந்தால்தான் பூக்கும். மார்கழி வரை பொறுங்கள், யூரியாவைக் கண்ணில் காட்டாதீர்கள்.

கீழக்கரையிலிருந்து: மிளகாய் இலை ஓரம் கருகுகிறது. என்ன மருந்து அடிக்கலாம்?

எடுத்த எடுப்பில் மருந்து! என்ன தண்ணீர் ஊற்றுகிறீர்கள் என்று ஒரு வரி எழுதவில்லை. ஆறு படம் அனுப்பியிருக்கிறீர்கள், ஆறிலும் தொட்டி விளிம்பில் வெள்ளை பூத்திருக்கிறது. அதைக் கொஞ்சம் நாக்கில் வைத்துப் பாருங்கள், நோய் என்னவென்று தெரிந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் மாடியில் விழுந்த மழையைக் குழாய் வைத்துத் தெருவில் விட்டுவிட்டு, மழை ஓய்ந்த மறுநாளே போர் மோட்டாரைப் போடுகிறோம். 500 சதுர அடி மாடியில் ஓர் அங்குலம் பெய்தால் ஆயிரம் லிட்டருக்கு மேல் கிடைக்கும், இரண்டு டிரம்மாவது வைத்தால் என்ன? 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய நம்ம முண்டு மிளகாயே மழையை நம்பி விதைக்கிற பயிர்தான். சரி, இப்போது செய்ய வேண்டியது: மழைத்தண்ணீர் மிச்சமிருந்தால் தொட்டியின் அடியில் வழிகிற வரை இரண்டு மூன்று தடவை ஊற்றி உப்பைக் கழுவுங்கள். போர் தண்ணீர்தான் கதி என்றால் தினம் ஒரு செம்பு தெளிக்கிற பழக்கத்தை விடுங்கள், தண்ணீர் ஆவியாகி உப்பு மட்டும் மண்ணில் தங்கும். விட்டால் நிறைய விட்டு வடியவிடுங்கள், இலையில் படக்கூடாது. மேலே தென்னை மட்டையோ பனையோலையோ போட்டு மூடுங்கள்.

தங்கச்சிமடத்திலிருந்து: கரையில் ஒதுங்கும் பாசி உரமாகுமா?

ஆகும். இரண்டு தடவை அலசிக் காயவைத்துப் போடுங்கள். அலசுவது நல்ல தண்ணீரில், போர் தண்ணீரில் இல்லை.

தொண்டியிலிருந்து: மழை பெய்தாலே தக்காளி வெடிக்கிறது.

காய்ந்து கிடந்த செடி ஒரேயடியாகத் தண்ணீர் குடித்தால் தோல் தாங்காது. லேசாக நிறம் திரும்பியதுமே பறித்துவிடுங்கள், அடுப்படியில் கிடந்து பழுக்கும்.

தேவிபட்டினத்திலிருந்து: வெண்டைக்காய் நாராக இருக்கிறது.

ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்க வேண்டும். நுனி சட்டென்று ஒடியவில்லை என்றால் விதைக்கு விட்டுவிடுங்கள்.

ஊர் எழுதாதவர்: கத்தரி காய்க்கவில்லை, காரணம்?

என்ன தண்ணீர்? அதை எழுதிவிட்டு மறுபடி கேளுங்கள்.