வீட்டு மாடியில் பிளே ஸ்கூல் தொடங்க என்னென்ன அனுமதி வேண்டும்?

மாடி போர்ஷன் சும்மா கிடக்கிறது, பெயின்டரும் வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார், அதனால்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். முதலில் பெயின்டரை நிறுத்துங்கள்.

நான் அந்தத் தப்பைச் செய்தவள். தஞ்சாவூரில் ஒரு மாடியை வாடகைக்குப் பிடித்து, சுவரில் ஒட்டகச்சிவிங்கி வரைந்து, சறுக்குமரமும் வாங்கிப் போட்ட பிறகுதான் கட்டட உரிமம் கேட்டுத் தாசில்தார் அலுவலகத்துக்குப் போனேன். 1965-ம் ஆண்டுப் பொதுக் கட்டட உரிமச் சட்டம் என்று ஒன்று இருப்பதே அன்றுதான் தெரியும். கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று, சுகாதாரச் சான்று எல்லாம் கேட்டார்கள்.

உறுதிச் சான்றுக்கு வந்த இன்ஜினியர் பிளானைக் கேட்டார். ஹவுஸ் ஓனர் பீரோவைத் துழாவி எடுத்துவந்த பிளானில் மாடியே இல்லை! பிற்பாடு கட்டியதாம். "ஊர்ல எல்லாரும் கட்றதுதானேம்மா" என்றார். மின் இணைப்பின் கட்டண வகையை மாற்ற வேண்டும் என்றதும் அவர் முகம் இன்னும் சுருங்கியது. 100 யூனிட் இலவசம் போய்விடுமே.

தீயணைப்பு நிலையத்திலிருந்து வந்தவர் படிக்கட்டைச் சாணால் அளந்தார். "இருபது பிள்ளைங்க, ஒரே படி. புகை வந்தா எப்படிம்மா இறக்குவீங்க?" எனக்குப் பதில் வரவில்லை. 2004 ஜூலை 16, கும்பகோணத்தில் 94 குழந்தைகள் கருகியபோது நான் பக்கத்து ஊரில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். அதுவும் மாடி வகுப்புதான்.

"கொடுக்க வேண்டியதைக் கொடுத்தால் எல்லாம் நடக்கும்" என்று கீழே எழுத வருபவர்களே, நடக்கலாம். நான் அலுவலகங்களுக்கு வக்காலத்து வாங்கவில்லை. ஒரே ஜெராக்ஸை ஐந்து முறை கொடுத்தவள் நான். அந்தப் படிக்கட்டு விஷயத்தில் மட்டும் அவர் கேட்டது சரி.

கடைசியில் வேறு தெருவில், பிளான் ஒழுங்காக இருந்த ஒரு தரைத்தள வீடு கிடைத்தது. பிளே ஸ்கூல்களுக்கென்று 2015-ல் வந்த நெறிமுறைப்படி கல்வித் துறை அங்கீகாரத்துக்குத் தனியாக விண்ணப்பித்தேன். அட்வான்ஸ் கொடுக்கும் முன் பிளான், வாடகை ஒப்பந்தம், படிக்கட்டு மூன்றையும் பாருங்கள்.

இவ்வளவும் தாண்டித் திறந்தால், பன்னிரண்டரைக்கு விடும் பள்ளிக்கு இரண்டு மணிக்கு வந்து "டிராபிக் மேடம்" என்பார்கள் பெற்றோர். தஞ்சாவூரில் என்ன டிராபிக்?