கைப்பேசி ஆப், சின்ன மீட்டர் பெட்டி இவற்றில் இருக்கும் முடுக்கமானியை (முடுக்கத்தை உணர்கிற சில்லு) வைத்து காரின் பிக்கப்பை அளந்தால் நம்பலாமா?

இப்படி ஒரு கேள்வியை யாரும் சும்மா கேட்பதில்லை. யாரோ உங்கள் வண்டியை ட்யூன் பண்ணிவிட்டு ஒரு எண்ணைக் காட்டிக் காசு கேட்கிறார், இல்லாவிட்டால் ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள். நான் கொடுத்தவன். 38,000 ரூபாய்.

வண்டி 1000 சிசி டொயோட்டா விட்ஸ். வீடு இலங்கை மலையகத்தில், டிக்கோயாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து இருக்கிற வண்டியைக் கண்ணுக்குள் வைத்துப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது. ஏற்றத்தில் இழுவை குறைந்த மாதிரி இருந்தது. தெரிந்த கராஜுக்குக் கொண்டுபோனேன். (எந்த ஊர், எந்த கராஜ் என்று கேட்காதீர்கள். சொல்ல மாட்டேன்.) பாஸ் (மெக்கானிக்கை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) முன் கண்ணாடியில் ஒரு சின்னப் பெட்டியை ஒட்டி, "செய்யிறதுக்கு முன்னாடி ஒன்னு, செஞ்ச பிறகு ஒன்னு, நீங்களே பாருங்க தம்பி" என்றார். நின்ற இடத்திலிருந்து மணிக்கு 60 கி.மீ. எட்ட முதல் நாள் 8.1 வினாடி. பிளக் மாற்றி, ஏர் ஃபில்டர் மாற்றி, திராட்டில் கழுவி, இரண்டு நாள் கழித்து 6.5. பெட்டியில் பச்சை எழுத்தில் வந்தது. சந்தோஷமாக எண்ணிக் கொடுத்தேன்.

அடுத்த வாரம் ஏற்றத்தில் வண்டி பழையபடியே முனகியது.

இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும். இயற்பியல் வாத்தியார்கள் சண்டைக்கு வர வேண்டாம், புரிகிற மாதிரி சொல்கிறேன். காரில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துத் தொங்கவிட்டிருப்பீர்கள் அல்லவா? ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் கயிறு பின்னால் சாயும். ஆனால் ஏற்றத்தில் சும்மா நிறுத்தி வைத்தாலும் அதே கயிறு பின்னால்தான் சாய்ந்து நிற்கும். வண்டி பாய்கிறதா, மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கிறதா என்று கயிற்றுக்குத் தெரியாது. முடுக்கமானி சில்லுக்குள் இருப்பதும் கண்ணுக்குத் தெரியாத அளவில் அதே சமாச்சாரம்தான். பெட்டி வேகத்தை நேராகப் பார்ப்பதில்லை. முடுக்கத்தைத் துளித்துளியாகக் கூட்டி வேகம் என்று காட்டுகிறது. அதனால் சின்னப் பிழையும் வினாடிக்கு வினாடி சேர்ந்துகொண்டே போகும். ஒரு பாகை சாய்வுக்கே 0.17 மீட்டர்/வினாடி² பொய். இரண்டு பாகை என்றால் 0.34. ஆறரை வினாடி கூட்டிப் பாருங்கள், மணிக்கு 8 கி.மீ. இல்லாத வேகம்.

இரண்டு பாகை என்றால் மீட்டருக்கு மூன்றரை சென்டிமீட்டர் சரிவு. மலையில் பிறந்தவன் கண்ணுக்கு அது தட்டை ரோடு. எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. மேசன் வேலை செய்கிற மச்சானின் ரசமட்டத்தை வாங்கிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை பாஸ் ஓட்டிப் பார்த்த ரோட்டில் உட்கார்ந்து அளந்தேன். போனவர் வந்தவரெல்லாம் ரோட்டுக்கு கொந்தராத்து எடுத்துவிட்டேனா என்று கேட்டார்கள்.

முதல் நாள் பாஸ் கிளம்பியது கிரவுண்டுக்கு முன்னால், நல்ல தட்டையில். இரண்டாம் முறை கொஞ்சம் பின்னால், பள்ளம் பார்த்த சரிவில் நிறுத்தி அங்கேயே பெட்டியைப் பூச்சியம் ஆக்கினார். சரிவில் முன்னால் சாய்ந்து நிற்கிற கயிற்றைத்தான் பெட்டி "நேர்" என்று எடுத்துக்கொள்ளும். சரிவில் இருக்கும்வரை இறக்கமே வண்டியைத் தள்ளிவிடுகிறது. தட்டைக்கு வந்ததும் கயிறு இயல்புக்குத் திரும்புகிறது, பெட்டி அதையும் பாய்ச்சல் என்று எண்ணிக்கொள்கிறது. போதாததற்கு, முதல் நாள் பின் சீட்டில் மாமாவும் நுவரெலியாவிலிருந்து கொண்டுவந்த ஒரு மூட்டை லீக்ஸும் இருந்தார்கள். இரண்டாம் நாள் நானும் பாஸும் மட்டும்.

பாஸ் ஏமாற்றினார் என்று நான் சொல்லவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன்.

பிறகு ஜிபிஎஸ் வைத்து அளக்கிற பெட்டி ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். வினாடிக்குப் பத்துத் தடவை வேகம் எடுக்கும், ரோட்டின் சாய்வு அதைக் குழப்பாது. இது கேள்விக்குச் சம்பந்தமில்லை என்று தெரியும், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்: அந்தப் பார்சல் பதினொரு நாள் தோட்டத்து ஆபீசில் கிடந்தது. எங்கள் லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) வீட்டு நம்பர் கிடையாது, கடிதம் பார்சல் எல்லாம் ஆபீசுக்குத்தான் வரும், அங்கே யாருக்கு நினைவு வருகிறதோ அன்றைக்குக் கொடுப்பார்கள். மலையகத் தமிழர் வந்து 200 வருஷம் என்று 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். 200 வருஷத்தில் என் வாசலுக்கு ஓர் இலக்கம் வரவில்லை. சரி, விடுங்கள்.

அந்தப் பெட்டியோடு ஒரே தட்டையில் போக மூன்று, வர மூன்று, ஆறு ஓட்டம். சராசரி 7.4 வினாடி. பக்கத்திலேயே கைப்பேசி ஆப்பையும் ஓடவிட்டேன். முதலில் வளைகிற ஸ்டாண்டில் வைத்தபோது ஆப் கண்டபடி உளறியது. டேஷ்போர்டில் இறுக்கி ஒட்டி, கிளம்பும் இடத்திலேயே பூச்சியம் ஆக்கியபோது வித்தியாசம் 0.2, 0.3 வினாடிதான். அதுவும் ஆப் பக்கம்தான் எப்போதும் வேகமாகக் காட்டியது. மிதிக்கும்போது பின்பக்கம் அமுங்கி மூக்கு தூக்குகிறதே, அதையும் ஏற்றம் மாதிரியே சேர்த்துவிடுகிறது. ஆக, சில்லு மோசமில்லை. ஒரே இடம், ஒரே திசை, ஒரே பாரம், ஆடாத பிடி, ஐந்தாறு ஓட்டம் என்றால் முன்னும் பின்னும் ஒப்பிட நம்பலாம். ஒற்றை ஓட்டத்து எண்ணுக்குக் காசு கொடுக்காதீர்கள். குதிரைவலு கணக்குப் போட்டுக் காட்டினால் இன்னும் கவனம், வண்டியின் எடையை எவ்வளவு என்று அடித்தார்கள் என்று கேளுங்கள்.

உங்களிடம் இருக்கிற கருவியைச் சோதிக்கச் சுலபமான வழி: ஓட்டி முடித்து பிரேக் பிடித்து முழுசாக நிறுத்துங்கள். வண்டி நிற்கிறது, மீட்டர் மணிக்கு 6 கி.மீ. என்கிறதா? நடுவில் எவ்வளவு பொய் சேர்ந்தது என்று அதிலேயே தெரிந்துவிடும். பாஸின் பெட்டியை நான் அன்றைக்கு அப்படிப் பார்க்கவில்லை, பச்சை எழுத்தைத்தான் பார்த்தேன்.

கொழும்பு நண்பர்களின் எண்களோடு ஒப்பிட்டு மனம் நோகவும் வேண்டாம். நுவரெலியா 1,868 மீட்டர் உயரம். காற்று அங்கே ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு அடர்த்தி குறைவு, டர்போ இல்லாத எஞ்சின் மூச்சு வாங்கத்தான் செய்யும். அது கருவியின் பிழை இல்லை. ஜிபிஎஸ் வாங்கினால் மலைச்சுவருக்கும் பெரிய மரங்களுக்கும் நடுவில் அளக்காதீர்கள். மூட்டம் ஒன்றும் செய்யாது.

பொது ரோட்டில் ரேஸ் விடுகிறாயா என்று யாராவது கமெண்ட் போடுவதற்கு முன்னால்: ஊருக்கு வெளியே காருக்கு 70 வரை சட்டமே அனுமதிக்கிறது, நான் 60இல் நிறுத்தினேன், காலை ஐந்தரைக்கு, ஆள் இல்லாத ரோட்டில்.

அந்த கராஜுக்கு இன்னமும் போகிறேன், பக்கத்தில் வேறு இல்லை. போன மாதம் பிரேக் பேட் மாற்றப் போனபோது பாஸ் கேட்டார், "பிக்கப் எப்படித் தம்பி?"

"இருக்கு பாஸ்" என்றேன்.