கள்ளியில் அப்பிய வெள்ளைப் பஞ்சு பருத்திக்கு ஏறுமா?

கேள்வி: விருதுநகர் பக்கம் கரிசலில் மானாவாரிப் பருத்தி போட்டிருக்கிறேன். வேலியில் உள்ள சப்பாத்திக்கள்ளி மடல்களில் வெள்ளையாகப் பஞ்சு மாதிரி அப்பிக் கிடக்கிறது. குச்சியால் நசுக்கினால் ரத்தமாகச் சிவக்கிறது. பருத்திக்கு ஏறிவிடுமா, மருந்து அடிக்கட்டுமா? அந்த வேலியை ஒட்டியே ஆடுகளுக்கு முள்ளில்லாக் கள்ளி நடவும் நினைத்திருக்கிறேன்.

பதில்: மருந்து அடிக்க வேண்டாம் ஐயா. நீங்கள் நசுக்கிப் பார்த்ததே போதும். அந்தப் பஞ்சுக்குள் இருப்பது கள்ளிப்பூச்சி. ரத்தச் சிவப்பு அதற்கே உரியது. பருத்தியில் இதேபோல வெள்ளையாக அப்பும் மாவுப்பூச்சியை நசுக்கினால் இப்படிச் சிவக்காது. கள்ளிப்பூச்சிக்குக் கள்ளிதான் சாப்பாடு. பருத்தியில் அது பிழைக்காது.

இந்தப் பூச்சியும் சரி, சப்பாத்திக்கள்ளியும் சரி, அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. மெக்சிகோவில் இதன் உறவுப் பூச்சியைக் காயவைத்துச் செஞ்சாயம் எடுத்தார்கள். அந்த வியாபாரம் ஸ்பெயின்காரர்கள் கையில் இருந்தது. தானும் அதைச் செய்ய ஆசைப்பட்டது கிழக்கிந்தியக் கம்பெனி. சென்னையில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற கம்பெனி மருத்துவர் அந்தப் பூச்சியை வளர்ப்பதற்காகச் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே போட்டார். 1795ல் கேப்டன் நீல்சன் பிரேசிலிலிருந்து கல்கத்தாவுக்குப் பூச்சியைக் கொண்டுவந்து சேர்த்தார். வந்தது நல்ல சாயம் தரும் இனமில்லை, காட்டு இனம். சாயம் தேறவில்லை, கள்ளிதான் அழிந்தது. அதைப் பார்த்து, 1836-38ல் கள்ளியை ஒழிப்பதற்கென்றே தெற்கே கொண்டுவந்து விட்டார்கள். இங்கே மண்டியிருந்த ஒரு கள்ளி இனம் அதோடு அடங்கியது.

ஆனால் அந்தப் பூச்சி அந்த ஒரு கள்ளியைத்தான் தின்னும். உங்கள் வேலியில் நிற்கும் சப்பாத்திக்கள்ளி அதற்குத் தப்பித்து, தரிசையும் மேய்ச்சல் காட்டையும் பிடித்துக்கொண்டது. 1926ல் இலங்கையிலிருந்து வேறொரு கள்ளிப்பூச்சி இனத்தை வரவழைத்த பிறகுதான் இதன் கொட்டம் அடங்கியது. உங்கள் வேலியில் இருப்பது அநேகமாக அதன் வாரிசுதான். கள்ளிக்குள்ளேயே இனம் பார்த்துத் தின்கிற பூச்சி, பருத்திக்கு எங்கே போகப்போகிறது!

பருத்திக்கு ஆபத்து வேலியடியில் இருக்கிறது. அங்கே துத்தியும் பார்த்தீனியமும் முளைத்திருந்தால் முதலில் பிடுங்குங்கள். பருத்தி மாவுப்பூச்சி அவற்றில் தங்கிப் பெருகும், எறும்பு அதைச் செடிக்குச் செடி தூக்கிப் போகும். வேலிக்கு மருந்து அடித்தால் மாவுப்பூச்சியைத் தின்கிற பொறிவண்டும் சேர்ந்து சாகும். நட்டம் உங்களுக்குத்தான்.

முள்ளில்லாக் கள்ளியை மட்டும் அந்த இடத்தில் நடவே நடாதீர்கள். 1926ல் நமக்கு உதவிய அதே இனம் அதை விரும்பித் தின்னும். மொராக்கோவில் 2014ல் தென்பட்ட இந்தப் பூச்சி சில ஆண்டுகளுக்குள் கள்ளித் தோட்டங்களை மொட்டையாக்கியது. பிரேசிலின் வறண்ட வடகிழக்கில் கால்நடைக்கு வைத்திருந்த கள்ளிக் காடுகளும் இதனிடம் அடிவாங்கின. பூச்சியின் குஞ்சு புள்ளி அளவுதான். உடம்பிலுள்ள மெழுகு இழையோடு காற்றில் மிதந்து போகும். பத்தடி தள்ளி நட்டாலும் பயனில்லை.

ஆடுகளுக்கு உங்கள் மானாவாரி நிலத்தில் கொழுக்கட்டைப்புல்லும் வேலிமசாலும் கலந்து விதையுங்கள். கள்ளிதான் வேண்டுமென்றால், வேலிக்கள்ளியை வேரோடு எடுத்துப் புதைத்துவிட்டு, பூச்சி இல்லாத மடல்களாகப் பார்த்து வாங்கி, தோட்டத்தின் வேறு கோடியில் நாலைந்து மட்டும் நட்டு ஒரு வருஷம் கவனியுங்கள். மடலின் அடிப்பக்கத்தையும் முள் குழிகளையும் வாரம் ஒருமுறை பாருங்கள். வெள்ளை தெரிந்தால் அந்த மடலை அன்றைக்கே அறுத்துப் புதைத்துவிடுங்கள்.