சீட்டில் உள்ளதை மட்டும் வாங்கிச் செல்கிறார்களே!

கேள்வி: தண்டையார்பேட்டையில் என் மாமனார் பல ஆண்டுகளாக மளிகைக்கடை நடத்தி வருகிறார். சென்ற தை மாதம் கவுன்ட்டரை எடுத்துவிட்டு, வாடிக்கையாளரே பொருளை எடுத்துக்கொள்ளும் முறைக்குக் கடையை மாற்றினோம். 450 சதுர அடி இடம். ரேக், விளக்கு, பில் போடும் கணினி எல்லாமே கடன் வாங்கிச் செய்தவை. ஆனால் வருகிறவர்கள் கையில் இருக்கும் சீட்டில் உள்ளதை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். ஒவ்வொரு பில்லும் முன்பைவிடச் சிறுத்துவிட்டது. ‘நான் கவுன்ட்டரில் நின்றபோது இப்படி இல்லை’ என்கிறார் மாமனார். ஷாம்பு கம்பெனிக்காரர்கள் தங்கள் ரேக்கை வாசலருகே வைத்தால் மாத வாடகை தருவதாகச் சொல்கிறார்கள். மிட்டாய், சாக்லேட்டுகளைக் கல்லாவுக்குப் பக்கத்தில் பிள்ளைகளின் கைக்கெட்டும் உயரத்தில் வைக்கும்படியும் யோசனை சொல்கிறார்கள். பொருள்களை எப்படி அடுக்கினால் பார்ப்பவருக்கு வாங்கத் தோன்றும்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: அன்புச் சகோதரிக்கு, உங்கள் மாமனார் சொல்வது முற்றிலும் சரி. கவுன்ட்டருக்குப் பின்னால் நின்ற அவர், கேட்ட பொருளை எடுத்துக் கொடுப்பதோடு நிறுத்திக்கொள்ளவில்லை. துவரம்பருப்பு கேட்டவரிடம் ‘புளி இருக்கிறதா, போன மாதமும் வாங்கவில்லையே’ என்று நினைவூட்டியிருப்பார். மல்லி புதிதாக வந்திருந்தால் ஒரு பிடி அள்ளிக் காட்டியிருப்பார். இரண்டு எண்ணெய்களில் எது பொரிக்க ஏற்றது, எது தாளிக்க ஏற்றது என்று கேட்காமலே சொல்லியிருப்பார். கவுன்ட்டரை எடுத்தபோது அந்தப் பேச்சு முழுவதும் கடையை விட்டுப் போய்விட்டது, அந்த இடத்தில் வேறு எதுவும் வரவில்லை. உங்கள் பில் சிறுத்ததற்குக் காரணம் இதுதான் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். அவர் வாயால் சொன்னதை இனி அலமாரி சொல்ல வேண்டும். அடுக்கும் கலை என்பது இவ்வளவுதான்.

வாடிக்கையாளரே எடுத்துக்கொள்ளும் மளிகைக்கடையை 1916-இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர் ‘பிக்லி விக்லி’ என்ற பெயரில் தொடங்கினார். கவுன்ட்டரை எடுத்ததோடு அவர் நின்றுவிடவில்லை. ஒவ்வொரு பொருளுக்கும் விலையை எழுதி வைத்தார். உள்ளே வந்தவர் எல்லா அலமாரிகளையும் கடந்த பிறகே பணம் கட்டும் இடத்துக்கு வரும்படி ஒரே வழித்தடம் அமைத்தார். அந்த வழித்தடம் உங்களுக்கு வேண்டாம். ஒரு தீப்பெட்டிக்காக வந்தவரை 450 சதுர அடியும் சுற்ற வைத்தால் அவர் அடுத்த முறை எதிர்க்கடைக்குப் போய்விடுவார். விலை எழுதும் வழக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதைப் பிறகு சொல்கிறேன்.

ரேக்குகளை இடம் மாற்றுவதற்கு முன் ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். ‘சீரகம் இருக்கா?’, ‘பெருங்காயம் எங்கே?’ என்று யார் எதைக் கேட்டாலும் அதை மாமனார் குறித்துக்கொள்ளட்டும். கடையில் இருக்கும் ஒரு பொருளை ஒருவர் ‘இருக்கா’ என்று கேட்கிறார் என்றால், அந்த இடத்தில் அடுக்கு தவறியிருக்கிறது என்று பொருள். வாய் திறந்து கேட்கும் ஒருவருக்குப் பின்னால், கேட்காமலே போய்விட்டவர்கள் பலர் இருப்பார்கள். பத்து நாளில் அந்த நோட்டு எந்த ஆலோசகரும் தர முடியாத வரைபடத்தை உங்களுக்குத் தந்துவிடும். மாமனாருக்கும் புதிய கடையில் தமக்கு ஒரு வேலை இருக்கிறது என்ற நிறைவு கிடைக்கும். அதை நான் சிறிய விஷயமாகக் கருதவில்லை.

அடுத்தது வாசல். வெயிலிலிருந்து உள்ளே வருகிறவரின் கண், கடையின் வெளிச்சத்துக்குப் பழகச் சற்று நேரம் எடுக்கும். அதற்குள் செருப்பு, குடை, பை, பிள்ளையின் கை என்று கவனம் சிதறியிருக்கும். ஆகவே முதல் நான்கைந்து அடிக்குள் எதை வைத்தாலும் பெரும்பாலோர் அதைப் பார்க்காமலே கடந்துவிடுவார்கள். அங்கே கூடைகளையும், மாமனார் உட்காரும் நாற்காலியையும் வையுங்கள். விற்க வேண்டியதை அதைத் தாண்டிய முதல் ரேக்கில், வாசலைப் பார்த்த பக்கத்தில் அடுக்குங்கள். உள்ளே நுழைந்தவர்கள் வலப்பக்கமே திரும்புவார்கள் என்று சிலர் விதிபோலச் சொல்வதுண்டு. உங்கள் வாசல் எந்தப் பக்கம் இருக்கிறது, கல்லா எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்து அது மாறும். ஒரு மாலைப் பொழுது ஓரமாக நின்று பார்த்தால் உங்கள் கடையின் வழக்கம் உங்களுக்கே தெரிந்துவிடும்.

உயரத்தைப் பற்றிக் கம்பெனிக்காரர்கள் தரும் படங்களை அப்படியே பின்பற்ற வேண்டாம். நம் நாட்டுப் பெண்களின் சராசரி உயரம் ஏறத்தாழ 152 செ.மீ., அதாவது ஐந்து அடி. கண் நாலரை அடி உயரத்தில் இருக்கும். இயல்பான பார்வையோ அதற்கும் சற்றுக் கீழே விழும். ஆகவே தரையிலிருந்து இரண்டரை அடி முதல் நாலரை அடி வரையிலான பகுதிதான் உங்கள் கடையின் விலைமதிப்பு மிக்க இடம். ஏழடி ரேக்கின் மேல்தட்டில் விற்பனைச் சரக்கை வைத்தால் எட்டி எடுக்க வேண்டியவர் எடுக்காமலே போய்விடுவார்; அங்கே இருப்புச் சரக்கை மட்டும் வையுங்கள். அரிசிப் பை, எண்ணெய் டின் போன்ற கனமான பொருள்கள் கீழ்த்தட்டுக்கு உரியவை. அவற்றைத் தேடி வருகிறவர் எப்படியும் குனிந்து எடுத்துக்கொள்வார். நின்று, படித்துப் பார்த்து, யோசித்து வாங்கும் பொருளைக் கீழே வைக்கக் கூடாது. இரண்டு ரேக்குகளுக்கு நடுவே மூன்றடிக்கும் குறைவான சந்தில் ஒரு பெண் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது பின்னால் ஒருவர் உரசிக்கொண்டு போனால், அவர் பார்த்ததைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். முடிந்தால் ஒரு ரேக்கை எடுத்துவிட்டாவது நான்கடி வழி விடுங்கள். சரக்கு குறைந்தாலும் விற்பனை குறையாது.

விளக்கு பெரும்பாலும் வழியின் நடுவே, நிற்பவரின் முதுகுக்குப் பின்னால் மாட்டப்பட்டிருக்கும். அவர் நிழலே பொருளின் மீது விழும். அதை ரேக்கின் முகத்தைப் பார்த்து நகர்த்துங்கள். 4000 கெல்வின் அளவிலான (அதிக மஞ்சளாகவோ நீலமாகவோ இல்லாத வெள்ளை ஒளி), நிறத்தை உள்ளபடி காட்டும் எல்.இ.டி. விளக்கு போதும், நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கான அளவான சி.ஆர்.ஐ. பெட்டியில் 90 அல்லது அதற்கு மேல் என்று இருக்கிறதா பார்த்து வாங்குங்கள். மிளகாய்க்கு மேல் சிவப்பு விளக்கும் கீரைக்கு மேல் பச்சை விளக்கும் போடுகிற வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. வீட்டுக்குப் போய்ப் பிரித்துப் பார்ப்பவர் ஏமாந்ததாகவே உணர்வார்; தினமும் முகம் பார்க்கிற தெருவில் அதைச் செய்யவே கூடாது.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். பெரிய கடைகளில் பருப்பு ஒரு வரிசை, மசாலா ஒரு வரிசை, எண்ணெய் ஒரு வரிசை என்று வகை பிரித்து அடுக்குவார்கள். உங்கள் மாமனார் அப்படி விற்றவர் இல்லை. அவர் சமையலை நினைத்து விற்றவர். ஞாயிற்றுக்கிழமை காலை உங்கள் பகுதியில் பாதி வீடுகளில் காசிமேட்டு மீன் இருக்கும். மீன் வாங்கியவருக்கு அடுத்துத் தேவைப்படுவது புளி, குழம்பு மிளகாய்த்தூள், மல்லித்தூள், நல்லெண்ணெய், பூண்டு, சின்ன வெங்காயம், வெந்தயம். இவை இப்போது உங்கள் கடையில் ஐந்து இடங்களில் இருக்கும். சனிக்கிழமை மாலையே வாசலைப் பார்த்த அந்த முதல் ரேக்கில் இவற்றை ஒன்றாக வைத்து, மேலே ‘மீன் குழம்புக்கு’ என்று பெரிதாக எழுதிப் பாருங்கள். வேறு விளம்பரமே தேவைப்படாது. அவற்றின் வழக்கமான இடத்தையும் காலியாக்கிவிட வேண்டாம். பழகிய இடத்தில் பொருள் இல்லையென்றால் மூத்தவர்கள் தடுமாறுவார்கள்.

ஆடி மாதம் தெருவுக்குத் தெரு அம்மனுக்குக் கூழ் ஊற்றுவார்கள். கேழ்வரகு மாவு, நொய், மஞ்சள், குங்குமம், கற்பூரம் ஆகியவை அப்போது அந்த முதல் ரேக்குக்கு வரட்டும். ரம்ஜானுக்கு முன் சேமியா, முந்திரி, நோன்புக் கஞ்சிக்கான அரிசியும் பாசிப்பருப்பும் வரட்டும். டிசம்பரில் ராயபுரம் பக்கத்து வாடிக்கையாளர்களுக்காக மைதா, திராட்சை, ஏலக்காய் வரட்டும். பண்டிகைக்குப் பத்து நாள் முன் வைத்து, முடிந்த மறுநாள் காலையில் எடுத்துவிடுங்கள். நாள் கடந்த அடுக்கு கடையையே பழையதாகக் காட்டும்.

உங்கள் பகுதிக்கே உரிய இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அந்த நாள்களில் மீனவர் வீடுகளில் கையில் பணம் குறைவு. பெரிய பாக்கெட்டுகளைக் கண்ணுக்கு நேரே வைத்தால் அவை அவர்களைக் கூச்சப்படுத்துமே தவிர விற்காது. 100 கிராம், 200 கிராம் பொட்டலங்களையும் சரமாகத் தொங்கும் சிறு பாக்கெட்டுகளையும் நடுத்தட்டுக்குக் கொண்டுவாருங்கள். படகுகள் கடலுக்குப் போகத் தொடங்கிய பிறகு ஒரு கிலோவும் ஐந்து கிலோவும் மீண்டும் அந்த இடத்துக்கு வரட்டும். தெருவின் வருமானத்தோடு சேர்ந்து அலமாரியும் மாறுவது, வாடிக்கையாளரை மதிக்கிற கடைக்கு அடையாளம்.

எத்தனை வகை வைப்பது என்ற குழப்பமும் உங்களுக்கு இருக்கும். அமெரிக்கக் கடை ஒன்றில் நடந்து 2000-இல் வெளியான ஆய்வில், 24 வகை ஜாம் வைத்தபோது நின்று பார்த்தவர்களில் 3 சதவீதம் பேரும், 6 வகை மட்டும் வைத்தபோது 30 சதவீதம் பேரும் வாங்கினார்கள். பலரும் இதை மேற்கோள் காட்டி வகைகளைக் குறைக்கச் சொல்வார்கள். ஆனால் இதுபோன்ற பல சோதனைகளைத் தொகுத்து 2010-இல் பார்த்தபோது, சராசரியாக அந்த விளைவு ஏறக்குறைய பூஜ்ஜியம் என்று தெரிந்தது. எனவே பொருளைப் பார்த்து முடிவு செய்யுங்கள். வாங்குகிறவருக்கு வேறுபாடு தெரியாத பாத்திரம் துலக்கும் சோப்பில் மூன்று வகை போதும். பொன்னி, இட்லி அரிசி, பச்சரிசி, பிரியாணிக்குச் சீரகச் சம்பா என்று தேர்ந்து கேட்கிற அரிசியில் கை வைத்தால் வாடிக்கையாளரையே இழப்பீர்கள். அரிசிக்கு மட்டும் ஒவ்வொரு வகையிலும் ஒரு கிண்ணம் திறந்து வையுங்கள். தொட்டுப் பார்க்காமல் நம்மவர்கள் அரிசி வாங்குவதில்லை.

விலைச்சீட்டு தமிழில், மூன்றடி தூரத்திலிருந்து கண்ணாடி இல்லாமல் படிக்கும் அளவுக்கு இருக்கட்டும். விலை தெரியாத பொருளைக் கேட்டு அறிய வெட்கப்பட்டு விட்டுவிடுகிறவர்கள் நம்மிடையே அதிகம். கிலோவுக்கு என்ன விலை என்பதையும் அதிலேயே எழுதுங்கள். இல்லாத ஒரு பழைய விலையை எழுதி அடித்துக் காட்டும் தள்ளுபடியைத் தொடவே வேண்டாம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி அது தவறான விளம்பரம். ரேக்கில் பழைய தேதிச் சரக்கு முன்னாலும் புதியது பின்னாலும் இருக்கட்டும். கையெடுத்த இடம் குழியாகத் தெரியாமல் மாலையில் ஒருமுறை எல்லாவற்றையும் முன்னே இழுத்து வையுங்கள். கடல் காற்றில் கம்பி ரேக்குகள் விரைவில் துருப்பிடிக்கும். துருவின் மேல் இருக்கும் பொட்டலத்தை யாரும் எடுக்க மாட்டார்கள்.

கல்லாவருகே பிள்ளைகளின் உயரத்தில் இனிப்பு வைக்கலாமா என்ற கேள்விக்கு என் பதில், வேண்டாம் என்பதே. அது விற்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த விற்பனை, வரிசையில் நிற்கிற தாய்க்கும் அழுகிற பிள்ளைக்கும் இடையிலான போராட்டத்தில் கிடைக்கும் விற்பனை. அந்தத் தாய் அடுத்த முறை பிள்ளையோடு வரத் தயங்குவார். இங்கிலாந்தில் 2,000 சதுர அடியும் அதற்கு மேலும் உள்ள பெரிய நிறுவனக் கடைகளில், கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த பல பண்டங்களைப் பணம் கட்டும் இடத்திலும் வாசலிலும் வைக்க 2022 அக்டோபர் முதல் தடை இருக்கிறது. உங்கள் கல்லாவருகே தீப்பெட்டி, கற்பூரம், ஊதுபத்தி, பேட்டரி, சோடா உப்பு ஆகியவற்றை வையுங்கள். சீட்டில் எழுத மறந்து, வீட்டுக்குப் போன பின் நினைவுக்கு வருகிற பொருள்கள் இவை. கடலை மிட்டாயைப் பெரியவர்களின் கைக்கெட்டும் உயரத்தில் வைக்கலாம்.

எதை மாற்றினாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, இரண்டு வாரம் விட்டு, பில் கணினியில் அந்தப் பொருளின் விற்பனையைப் பாருங்கள். சம்பளம் வருகிற முதல் வாரத்தை மாதக் கடைசியோடு ஒப்பிட்டால் கணக்கு தவறாகிவிடும். முதல் வாரத்தை முந்தைய மாதத்தின் முதல் வாரத்தோடுதான் ஒப்பிட வேண்டும்.

இந்தக் கணக்கு கையில் வந்த பிறகே கம்பெனி ரேக்கைப் பற்றி முடிவு செய்யுங்கள். அவர்கள் கேட்பது உங்கள் முதல் ரேக் இருக்கும் இடத்தைத்தான். அங்கே ‘மீன் குழம்புக்கு’ அடுக்கு ஒரு மாதத்தில் எவ்வளவு லாபம் தருகிறது என்று பார்த்து, அவர்கள் தரும் வாடகையும் அவர்கள் பொருளின் லாபமும் சேர்ந்து அதைவிடக் கூடுதலாக இருந்தால் மட்டும் யோசிக்கலாம். இல்லையென்றால் பக்கச் சுவரில் ஓர் இடம் கொடுங்கள். எந்த இடமானாலும் மூன்று மாதத்துக்கு மேல் ஒப்புக்கொள்ளாதீர்கள். காலாவதியாகும் சரக்கைத் திரும்ப எடுத்துக்கொள்வதையும், போட்டிக் கம்பெனிப் பொருளை வைக்கக் கூடாது என்ற நிபந்தனை இல்லை என்பதையும் தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.