தையல் கேள்வி-பதில்: விளிம்பு மடிப்பில் வரும் சிக்கல்கள்

முழு வட்டமாக விரியும் ஸ்கர்ட்டின் நீளத்தைக் குறைத்து, 1½ இன்ச் மடித்துத் தைத்தேன். ஓரம் முழுக்கச் சுருக்கம். ஒரு பக்கம் தொங்கவும் தொங்குகிறது. என்ன செய்யலாம்?

இரண்டும் வேறு வேறு கோளாறு. சுருக்கத்துக்குக் காரணம், மடிப்பின் அகலம். இந்த ஸ்கர்ட்டில் கீழே போகப் போகச் சுற்றளவு கூடும். 1½ இன்ச் மடித்தால், வெட்டிய ஓரம் தான் படிய வேண்டிய இடத்தைவிட ஏறக்குறைய 19 இன்ச் அதிக நீளம் இருக்கும். அவ்வளவு துணி எங்கே போகும்? அதுதான் சுருக்கம். நேர்வெட்டு ஸ்கர்ட்டுக்கு 1½ இன்ச் அழகு; வட்டத்துக்கு ½ இன்ச்சே தாராளம்.

தொங்குவது குறுக்கு வாட்டத்தால். வட்ட வெட்டில் சில இடங்களில் இழை சாய்வாக விழும். அங்கே துணி தன் எடையிலேயே இழுபடும். அதனால் இதை முதலில் சரிசெய்யுங்கள். தையலைப் பிரித்து, இடுப்புப் பட்டியில் கிளிப் போட்டு ஒரு நாள் முழுக்கத் தொங்கவிடுங்கள். பிறகு உடுத்தி நிற்க, இன்னொருவர் தரையிலிருந்து ஸ்கேல் வைத்து 3 இன்ச்சுக்கு ஒரு குண்டூசி குத்தட்டும். இடுப்பிலிருந்து அளக்கவே வேண்டாம். உடுத்தியவர் குனிந்து பார்த்தாலும் அளவு மாறிவிடும்.

குறித்த கோட்டுக்குக் கீழே ½ இன்ச் விட்டு மிச்சத்தை வெட்டுங்கள். ஓரத்திலிருந்து ¼ இன்ச் தள்ளி, மெஷினின் மிக நீளமான தையலில் ஒரு சுற்று ஓட்டுங்கள். பாபின் நூலை (மெஷினின் அடிநூலை) அங்கங்கே லேசாக இழுத்தால் ஓரம் உள்வாங்கும். அந்தத் தையலோடு ஒரு மடி, இஸ்திரி, இன்னொரு ¼ இன்ச் மடி, இஸ்திரி, அப்புறம் தையல். இஸ்திரியைத் தவிர்த்தால் மடிப்பு முறுக்கிக்கொள்ளும்.

மடிப்பைப் பிரித்து நீளமாக்கினேன். பழைய கோடு போகவில்லையே?

மடிப்புத் தடம் மட்டும் என்றால், வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவில் கலந்து தொட்டு, மேலே மெல்லிய துணி போட்டு இஸ்திரி செய்யுங்கள். சாயம் போகிறதா என்று முதலில் உள்பக்கம் பார்த்துவிடுங்கள். கோடு வெளுத்திருந்தால் எதற்கும் போகாது. அதன்மேல் லேஸ் வையுங்கள், அல்லது கோட்டை உள்ளே மறைத்து ¼ இன்ச் டக் (துணியை மடித்துத் தைக்கும் சிறு மடிப்பு) பிடியுங்கள். டக்குக்கு ½ இன்ச் நீளம் செலவாகும்.

ஜீன்ஸ் ஓரத்தில் பக்கத் தையல் வரும்போதெல்லாம் ஊசி உடைகிறது.

16-ஆம் எண் ஊசி போடுங்கள். பக்கத் தையலின் மேட்டில் ஏறும்போது பிரஷர் ஃபுட் (துணியை அழுத்திப் பிடிக்கும் பாகம்) முன்பக்கம் தூக்கிக்கொள்வதால்தான் தையல் தடுமாறி ஊசி உடைகிறது. ஃபுட்டின் பின்பக்கத்துக்கு அடியில் அதே கனத்துக்கு மடித்த துணியை வைத்து, அந்த இடத்தை மட்டும் கைச்சக்கரத்தால் சுற்றித் தையுங்கள்.